ட்ரம் சீக்கிரம் நிரம்பிய வீடு

அமல்ராஜ், வயது இருபத்திரண்டு, இருப்பது ஆவடி கோவில்பதாகை. ஊருக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்தியையும் அவன் இப்படித்தான் ஆரம்பிப்பான். சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்தில் அவன் வீட்டுக்கென்று இருப்பது ஒரே போன். அது அம்மாவிடம் இருக்கும், தங்கை கவிப்பிரியாவிடம் இருக்கும், சில நாள் பக்கத்து வீட்டில் சார்ஜில் கிடக்கும். யார் கையில் இருந்தாலும் அம்மாவுக்குப் படித்துச் சொல்லட்டும் என்று பெயரையும் இடத்தையும் முதலிலேயே சொல்லிவிடுவான். விரலால் தட்ட அவனுக்குப் பொறுமை கிடையாது. போனை வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசினால் அதுவே எழுத்தாக்கிக்கொள்ளும். சாப்பிட்டேன், தூங்கினேன், வேலை நல்லா போகுது. மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லாத நாளிலும் அதையேதான் சொல்வான்.

வேலை, வீடுகளில் தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் மாட்டுவது. ஆவடி மார்க்கெட் பக்கம் கிருபாகரன் வைத்திருக்கும் கடையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அன்று காலை பதினோரு மணிக்கு முத்தாபுதுப்பேட்டையில் வரலட்சுமி வீட்டுக்கு முதல் சர்வீஸுக்குப் போனான். இரண்டு மாதத்துக்கு முன் அங்கே மெஷினை மாட்டியவனும் அவன்தான்.

வரலட்சுமியின் அப்பா பரந்தாமனுக்குச் சிறுநீரகத்தில் கல். போர் தண்ணீரை விட்டுவிட்டு நல்ல தண்ணீராக நாளைக்கு மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். மெஷின் வாங்கியதே அதற்காகத்தான். ஆனால் பரந்தாமன் பிளாஸ்டிக்கில் நின்ற தண்ணீரைத் தொட மாட்டார். அதனால் மெஷினோடு வந்த தொட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல தண்ணீர் வரும் டியூபை நேராக ஓர் எவர்சில்வர் ட்ரம்முக்கு இழுக்கவேண்டி வந்தது. கழிவுத் தண்ணீர் டியூப் சிங்க்குக்கு அடியில் இருந்த பக்கெட்டுக்கு. அன்றைக்கென்று பார்த்து, அடையாளம் தெரிய ஒன்றுக்குப் போடும் நீல டியூப் தீர்ந்துபோயிருந்தது. இரண்டுக்கும் வெள்ளையே போட்டான்.

இன்று வரலட்சுமி அவனுக்குக் காபி கொடுத்தாள். மெஷினைப் பற்றி அவளுக்குச் சொல்லி மாளவில்லை.

"எதிர் ஊட்டு மெஷினு ஒரு கொடம் ரொம்பறதுக்கு ஒரு மணி நேரம் ஆவுது தம்பி. நம்புளுது கால் மணியில ட்ரம்மே ரொம்பிடுது. வேஸ்ட்டும் அவ்ளவா வர்றதில்ல. அந்த வேஸ்ட்டுல பாத்திரம் கழுவுனா கூட, பாரு, கண்ணாடி மாறி கீது."

பார்த்தான். அந்தப் பகுதியில் எந்த வீட்டுப் பாத்திரத்திலும் உப்பு காய்ந்த வெள்ளைத் திட்டு இருக்கும். இவள் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகளில் ஒரு புள்ளி இல்லை. ட்ரம்மின் உட்புறம், தண்ணீர் நிற்கும் மட்டத்தில், சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வளையம் படிந்திருந்தது.

தண்ணீர் லேசாகக் கரிக்கிறது என்றும் சொன்னாள். அதுதான் மினரல் என்று அவர்களே புரிந்துகொண்டிருந்தார்கள். மினரல் கலந்து வரும் என்று கடையில் சொல்லித்தானே விற்றது.

உப்பை அளக்கும் மீட்டரை அவன் பையிலிருந்து எடுத்தான். பேனா அளவுதான் இருக்கும். ட்ரம்மில் விட்டான், ஆயிரத்து எழுநூற்று நாற்பது. பக்கெட்டில் விட்டான், ஐம்பத்தெட்டு. போர் தண்ணீரே ஆயிரத்து நூறுதான் என்று மாட்டிய அன்று அவனே அளந்திருந்தான். மீட்டரைச் சட்டையில் துடைத்து மூடி போட்டான். தனக்குள்ளே ஏதாவது உடையும் என்று காத்திருந்தான். ஒன்றும் உடையவில்லை. சுவரில் காலண்டர் தாள் மூன்று நாளாகக் கிழிக்காமல் தொங்குவது கண்ணில் பட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹாலில் பரந்தாமன் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டியிருந்தார். கால் ஊதிப்போய், செருப்பு வார் பதிந்த தடம் பள்ளமாகத் தெரிந்தது. கையில் தண்ணீர்ச் சொம்பு, காலையிலிருந்து அது ஏழாவதாம்.

"எங்க எருமைக்குக் கூட நான் இவ்ளோ தண்ணி காட்னதில்லபா," என்றார் அமல்ராஜிடம். "இவ எனுக்குக் காட்டிகினே கீறா."

வரலட்சுமி சிரிக்கவில்லை. மறுநாள் அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்கிறாராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தியாகிவிட்டது. "உப்பே இல்லாமதான் நைனாவுக்கு ஆக்கிப் போடறேன் தம்பி. அப்பவும் ரத்தத்துல உப்பு ஏறிகினே போவுதுன்றாங்கோ. நான் இன்னாதான் பண்றதுன்னு சொல்லு."

அவன் பின்கட்டுக்குப் போய்ப் போனில் கிருபாகரனைக் கூப்பிட்டு, டியூப் இடம் மாறியிருப்பதைச் சொன்னான். கிருபாகரன் திட்டவில்லை. அவர் குரல் இன்னும் தணிந்துதான் போனது.

"மாத்தி வுட்டுட்டு வந்துகினே இரு. கேட்டா ஃபில்டர் மாத்துனேன்னு சொல்லு. வாய தொறக்காத. பொயப்புக்குத்தான வந்துகீற."

சரிண்ணா என்றான்.

மாற்றுவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. டியூபைப் பிடித்திருந்த பூட்டு வளையத்தை அழுத்தி இரண்டையும் உருவினான், இடம் மாற்றிச் செருகினான். ட்ரம்மைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி வைத்தான். ட்ரம்மில் தண்ணீர் நூல்போல் இறங்கியது. பக்கெட்டில் கொட்டும் சத்தம் கேட்டது. கைகள் தாமாகவே எல்லாம் செய்தன. அவன் அவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் டம்ளர் பரந்தாமனுக்குப் போனது. ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். "இன்னாபா இது, சப்புன்னு கீது."

வரலட்சுமி ட்ரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். "தம்பி, நல்லா இருந்ததக் கெடுத்து வெச்சிட்டியா? முன்ன இருந்த மாறியே வெச்சிடு. இல்லாட்டி சொல்லு, தெருவுல ப்ளம்பரு கீறாரு. அவர வெச்சி மாத்திக்கிறேன்."

அவன் வாயைத் திறந்தான். நாக்கு வேறு யாருடையதோ போல் உள்ளே கிடந்தது.

"அப்படியே இருக்கட்டும்க்கா" என்று மட்டும் வந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

தெருமுனையில் வண்டியை நிறுத்தினான். வெயில் தலையில் இறங்கியது. அவனுக்கு அது சுடவில்லை. இன்று மாலைக்குள் ப்ளம்பர் வந்துவிடுவார். ட்ரம் மறுபடி கால் மணியில் நிரம்பும். நாளை டாக்டர் மறுபடி அதே கேள்வியைக் கேட்பார், அவள் அதே பதிலைச் சொல்வாள்.

இரண்டு மாதத்துக்கு முன் வழி காட்ட வரலட்சுமி லொகேஷன் அனுப்பிய எண் அவன் போனில் இருந்தது. அவளுடைய போன் அவள் கையில் இருக்கிறதோ, பள்ளி விட்டு வந்ததும் அவள் மகள் எடுத்துக்கொள்வாளோ, தெரியாது. தன் போனை வாய்க்கு நேராகப் பிடித்தான். ஒரு வரி சொன்னதும் உடனே அனுப்பினான், பிறகு அடுத்த வரி. மொத்தமும் சொல்லி முடித்தால் அழித்துவிடுவான் என்று அவனுக்குத் தெரியும்.

என் பேரு அமல்ராஜ், வயசு இருபத்திரண்டு, உங்க தெருமுனையிலதான் நிக்கிறேன்.

டியூப மாத்தி மாட்டுனது நான்தான். ரெண்டு மாசமா ட்ரம்முல வந்தது கழிவுத் தண்ணி. நல்ல தண்ணி பக்கெட்டுல போச்சு.

அக்கா சமையல்ல தப்பு இல்ல. உப்பு தண்ணியிலதான் இருந்துச்சு. மீட்டர்ல ஆயிரத்து எழுநூத்தி நாப்பது.

இனிமே ட்ரம்மு மெதுவாத்தான் நிரம்பும், சப்புன்னுதான் இருக்கும். டியூப யாரும் திருப்பி மாத்த வேணாம்.

இத யார் படிச்சாலும், நாளைக்கு ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட இந்தத் தண்ணியப் பத்திச் சொல்லிடுங்க.