ஏணியை இறக்கிய இஸ்லா

வாருங்கள், இந்த ஏணியின் அடியில் வந்து நில்லுங்கள்! உங்கள் கண்ணெதிரே ஒரு மனிதனைக் கொல்லப் பார்க்கிறார்கள். கையில் கத்தி இல்லை; நெஞ்சில் பகைகூட இல்லை. ஒரு வாளி வெந்நீரும் ஒரு கேலிப் பேச்சும் அதற்குப் போதுமாக இருக்கின்றன. சாட்சியாக நில்லுங்கள்.

பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் மேனியோட்டோ சமவெளியில், நடுக்குளிர்காலமான ஜூலை மாதக் காலை. கால் வைத்தால் புல் நொறுங்குகிறது. இஸ்லா மெக்கெக்னியின் வீட்டில் பழைய கூரையைப் பிரித்துப் புதுத் தகரம் போடுகிறார்கள். சாலையைப் பார்த்த தெற்குச் சரிவு நேற்றே முடிந்தது. வடக்குச் சரிவோ தார்ப்பாய்க்கு அடியில் திறந்து கிடக்கிறது. மாலைக்குள் தெற்கிலிருந்து பனிப்புயல் வரும் என்று வானொலி எச்சரித்திருக்கிறது. உள்ளே இஸ்லாவின் மகள் மைரி படுத்திருக்கிறாள். ஆறு வயது, நிமோனியாவிலிருந்து மீண்டு நேற்று முன்தினம்தான் மருத்துவமனையிலிருந்து வந்தவள்.

கூரை வேலையின் முதலாளி மரே டேவன்டேல். லாரியும் தகரக் கட்டும் சாலைப் பக்கம் நிற்பதால், ஏணியையும் அங்கேயே சாய்த்திருந்தார். தெற்குச் சரிவில் ஏறி முகட்டைத் தாண்டிவிட்டால் வேலை சுருக்கமாக முடியும். ஆனால் இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போவதால், அந்தச் சரிவு குளிர்காலம் முழுதும் வெயிலைக் காணாது. புதுத் தகரத்தின்மேல் உறைபனி வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. கூரை விளிம்பில் கட்ட வேண்டிய தடுப்புக் கம்பிகளோ மரேயின் கொட்டகையில் சுகமாக உறங்கிக்கொண்டிருந்தன!

மரே வெந்நீர் வாளியோடு ஏணியில் ஏறிச் சரிவில் ஊற்றினார். ஆவி எழுந்தது; வெண்மை மறைந்தது. காலி வாளியை ஒரு திருகாணித் தலையில் முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"பாத்தியா ராவிரி? கண்ணாடி மாதிரி சுத்தம். ஏறு மச்சான்."

மரேயிடம் கூரை வேலை செய்யும் ராவிரி கீழ்ப் படியில் ஒரு காலை வைத்தான். மறு கால் தரையிலேயே நின்றது. "வெயில் வரட்டுமே மரே. வடக்குச் சரிவு சீக்கிரம் காஞ்சிடும். அந்தப் பக்கமா ஏறிக்கலாம்."

"இவ்வளவு தகரத்தையும் அங்க யாரு சுமக்கிறது, உங்க மாமனாரா? உள்ள ஒரு குழந்தை மூச்சுக்குத் தவிக்குது. நீ வெயில் காயணுங்குற! போர்வை வேணுமா, பால் புட்டி வேணுமா உனக்கு?"

ராவிரியின் முகம் சிவந்தது. எலும்பு முறிந்தாலும் தாங்குவேன், கோழை என்ற பெயரைத் தாங்கமாட்டேன் என்று எத்தனை ஆண்கள் இப்படி மேலே ஏறியிருக்கிறார்கள்! தரையில் நின்ற கால் எழுந்து அடுத்த படியை மிதித்தது.

அப்போது காற்று லேசாக அசைந்தது. மேலே முட்டுக்கொடுத்த வாளி சர்ரென்று வழுக்கி, விளிம்பைத் தாண்டி, ராவிரியின் தோளை உரசுவதுபோல் வந்து கான்கிரீட்டில் விழுந்து சிதறியது. ஊற்றிய வெந்நீர் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியாக இறுகியிருந்தது.

"வாளி பூட்ஸ் போடல, அதான்" என்று மரே சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை.

சூடான சீஸ் ரோல் தட்டோடு வந்த இஸ்லா அனைத்தையும் பார்த்துவிட்டாள். தட்டை லாரியின்மேல் வைத்தாள்.

"ராவிரி, கீழ எறங்குப்பா."

அவன் இறங்கினான். இஸ்லா ஏணியை இழுத்துப் புல்லில் கிடத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன இஸ்லா இது? உங்க பொண்ணுக்காகத்தானே இவ்வளவு அவசரப்படுறேன்!"

"எம் பொண்ணை இழுக்காதீங்க. கூரை முடியலன்னா அவளைப் பக்கத்து வீட்டுக் கணப்பு ஓரமா படுக்க வெச்சுடுவேன். விழுந்து கிடக்கிறவனை எந்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது?"

மரே வாயைத் திறக்குமுன் அவள் தொடர்ந்தாள். அவளும் மரேயும் உறைந்த குளத்தில் கல்லை வழுக்கவிட்டு ஆடும் ஆட்டத்தில் ஒரே குழுவினர். அதற்குத் தலைவியும் அவளே.

"போன சனிக்கிழமை நம்ம கல்லு நல்லா ஓடணும்னு குளத்து ஐஸ் மேல வெந்நீர் ஊத்தி இழைச்சது யாரு?"

மரே சிதறிக் கிடந்த வாளித் துண்டைக் காலால் ஒதுக்கினார்.

"கேக்குறேன்ல, யாரு?"

"நான்தான்."

"கல்லு எப்படி ஓடுச்சு?"

"நல்லா... ஓடுச்சு."

"அப்ப இவனையும் கல்லுன்னு நெனச்சீங்களா?"

மரே உடைந்த வாளியைப் பார்த்தார். பிறகு லாரியில் ஏறிக் கொட்டகைக்குப் போனார்.

அவர் தடுப்புக் கம்பிகளோடு திரும்பியபோது வீட்டைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. இஸ்லாவின் அழைப்பைக் கேட்டு ஆட்டக்காரர்கள் குளத்தை விட்டு ஓடி வந்திருந்தார்கள். இருவர் இருவராகத் தகரத்தைத் தூக்கி, வேலிக் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டு, வடக்குப் பக்கம் சேர்த்தார்கள். மலைக்கு மேல் வெயில் வந்தது. சரிவின் மரச்சட்டங்கள் சொட்டின, உலர்ந்தன. கம்பி கட்டி முடித்து, மரே தம் கையாலேயே ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்த பிறகே ராவிரி ஏறினான். அதன்பின் ஒருவரும் ஓயவில்லை. முகட்டின் கடைசித் திருகாணி இறங்கும்போது முதல் பனிச்செதில்கள் விழுந்தன. முன்தாழ்வாரம் மட்டும் தார்ப்பாயோடு நின்றது. நிற்கட்டுமே! அதனால் எவர் குடி கெட்டது?

அந்தி மங்கலில் மரே ராவிரியிடம் வந்தார். "உன்னைக் கோழையாக்கப் பாத்தேன் மச்சான். உண்மையில பயந்தவன் நான்தான். சொன்ன நேரத்துல முடிக்கலன்னா ஊரு சிரிக்குமேன்னு பயந்தேன். இனிமே கம்பி கட்டாத கூரையில என் ஏணி சாயாது. ஓர் ஆளோட உயிரைவிட அவசரமான வேலை எதுவுமில்ல."

"சரி, முதல்ல ஒரு வாளி வாங்குங்க" என்றான் ராவிரி.

வீட்டுக்காரர்களே, முதலாளிகளே, ஏணியடியில் நின்று வேடிக்கை பார்க்கும் பெருமக்களே! பாதுகாப்புக் கேட்பவனைக் கேலி செய்யும் நாக்கு ஆளைத் தள்ளிவிடும் கைக்குச் சமம். நாளை உங்கள் வீட்டுச் சுவரில் ஏணி சாயும்போது, தடுப்புக் கம்பி எங்கே என்று உரக்கக் கேளுங்கள். விடை வராவிட்டால் ஏணியை இறக்குங்கள். இறக்கி, அதன்மேல் உட்காருங்கள்!