ஒன்பதாவது வாங்கு

1992 ஆவணிச் சோதனை எனக்கு மூன்றாந்தரம். அதற்கு மேல் எழுதினாலும் பல்கலைக்கழகக் கம்பசுக்கு எடுக்கமாட்டார்கள். மற்றப் பாடங்கள் போனதரமே நல்லாய் வந்தன. பிசிக்ஸ்தான் காலை வாரியது. கிறிஸ்துநாயகம் சேரிடம் படித்துமா கோட்டை விட்டாய் என்று சொந்தக்காரர் எல்லாரும் கேட்டார்கள். அவர் சொன்னது எனக்குக் கேட்டால்தானே படிக்க!

நல்லூரில் இருந்த அவருடைய ரியூட்டறி முன்பு மார்க்கண்டரின் புகையிலைக் கொட்டில். இப்போது ரியூட்டறியின் முதலாளியும் அவர்தான், பாடநேரத்திலும் அங்கேதான் நிற்பார். தகரக் கூரை போட்டு, 'ட' எழுத்தைப் போல வளைந்து கிடக்கும். நீண்ட பக்கத்தில் பெடியள் நூற்றிருபது பேர். பெட்டையளையும் அதற்குள் இருத்தினால் தாய்தகப்பன் அனுப்பமாட்டார்கள் என்று, மூலை திரும்பி மற்றப் பக்கத்தில் எங்கள் எழுபது பேரையும் ஒன்பது வரிசை வாங்குப் பலகையில் அடைத்திருந்தார்கள். சேர் மூலையில் நின்று பெடியளைப் பார்த்துப் படிப்பிப்பார். எங்களுக்குச் சரிந்த கரும்பலகை தெரியும், அவர் முதுகும் தெரியும். குரல்தான் வராது. நானோ மானிப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சேர்வதற்குள் மிஞ்சியிருப்பது ஒன்பதாவது வாங்குதான்.

பாடம் தொடங்கும்போது சேர் உரத்துக் கேட்பார். "கேக்குதோ பிள்ளையள்?"

"ஓம் சேர்!" என்போம் எழுபது பேரும்.

இல்லை என்று ஒருத்தி வாய் திறந்தால் மூலையில் பெடியளின் தலைகள் முளைக்கும். அடுத்தநாள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடும். அந்தப் பயத்தில் இரண்டு வருசம் நானும் ஓம் போட்டேன். என்ரை மடத்தனம்.

மூன்றாம் வருசம் முதல்நாள் எழுந்து நின்றேன். "இல்லை சேர். எனக்குக் கேக்கேல்லை."

தலைகள் முளைத்தன. ஒருவன் கூவென்று கூவினான். கூவட்டும் என்று நின்றேன்.

"எழுபது பேர் ஓம் எண்டினம், இவவின்ரை காதிலை மட்டும் என்ன?" என்றார் மார்க்கண்டர்.

எனக்குப் பக்கத்தில் இருந்த யசிந்தா, குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள், அவளும் எழும்பினாள். "எனக்கும் கேக்கேல்லை, சேர்." அதன்பிறகு எட்டாவது வாங்கு முழுக்க எழும்பியது. சேர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மார்க்கண்டர் ரோசக்காரர். அடுத்தநாளே கோயில் திருவிழாவுக்குக் கட்டும் ஹோர்ன் ஒன்றை மைக், அம்பிளிபயரோடு கொண்டுவந்து எங்கள் பக்கம் தொங்கவிட்டார். கார் பற்றறியில் சேரின் குரல் கீரிமலை வரைக்கும் கேட்டிருக்கும். எங்களுக்கு மட்டும் விளங்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் தகரத்தில் அடிபட்டு இரண்டு தரம் திரும்பி வந்தது. மூன்றாம்நாள் அந்த இரைச்சலில், பொம்மர் விமானம் வந்து சுற்றியது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. றோட்டால் போன ஒரு மனுசன் உள்ளே ஓடிவந்து கத்தியபிறகுதான் பங்கர்க் குழிக்குள் விழுந்தோம். நல்ல காலம், குண்டு வேறெங்கோ விழுந்தது. பின்னேரம் தாய்தகப்பன்மார் வந்து நின்றார்கள். ஒன்றில் ஹோர்ன் போகவேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் வரமாட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்.

பிறகு கலியாண வீட்டுப் பெட்டி ஸ்பீக்கர் வந்தது. முன்வாங்கு இரண்டும் காதைப் பொத்திக்கொண்டன. பின்வாங்குகளுக்கு 'உம் உம்' என்ற இரைச்சல்தான் வந்தது. தூரம் கூடக்கூட ஒலி குறையும் என்று சேர் அந்தக் கிழமைதான் கரும்பலகையில் எழுதியிருந்தார். எழுதிய மனுசனுக்கே தன் கொட்டிலுக்குள் அது பிடிபடவில்லை. எனக்குக் கோபம் கோபமாய் வந்தது.

பாடம் முடிய அவரை மறித்தேன். "சேர், ஒரு பெரிய வாய் வேண்டாம். கன சின்ன வாய் வேணும். ஒவ்வொரு வாங்குக்கும் ஒண்டு பக்கத்திலை நிண்டு மெதுவாக் கதைச்சாக் காணும். வெளியிலை பொம்மர் இரைஞ்சாலும் கேக்கும்."

"அவ்வளவு ஸ்பீக்கருக்கு எங்கை பிள்ளை போறது?"

"பற்றறி இல்லாமல் வீட்டுக்கு வீடு றேடியோ சும்மா கிடக்குது, சேர்."

மார்க்கண்டர் சிரித்தார். "சரி, ஒரு கிழமை, ஏழு நாள் தாறன். சரிவராட்டி பெடியளின்ரை கொப்பியைப் பாத்து எழுதுங்கோ."

அந்தச் சிரிப்பே எனக்குப் போதும். நானும் யசிந்தாவும் சைக்கிளில் வீடு வீடாய் ஏறி இறங்கினோம். கரண்ட் நின்று சும்மா கிடந்த வீட்டு வயரையும் ஸ்பீக்கரோடு கழற்றித் தந்தார்கள். அப்பா இருந்தகாலத்தில் றேடியோ திருத்தினவர், அவருடைய ஈயம் வைக்கும் கோல் வீட்டில் கிடந்தது. அதைச் சிரட்டைக் கரியில் பழுக்க வைத்து ஒட்டினேன். மூன்று ஸ்பீக்கர் தொடராக ஒரு வரிசை. அப்படி மூன்று வரிசை சமாந்தரமாக. ஒன்பதையும் அப்படிக் கட்டினால் மொத்தத் தடை ஒரு ஸ்பீக்கரின் தடைதான், அம்பிளிபயருக்கு வித்தியாசமே தெரியாது. இதுவும் சேர் படிப்பித்ததுதான், கரும்பலகையில் பார்த்து எழுதி வைத்திருந்தேன்.

ஆனால் கிடைத்தது எட்டு. மிச்சமெல்லாம் கரப்பான் அரித்தவை. குறைந்த ஒன்று என்னுடைய வாங்குக்குரியது.

எங்கள் வீட்டில் ஒரு றேடியோ இருந்தது. உயிரோடு இருந்தது. அம்மா பின்னேரத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்பா. அன்றாடம் அவவுக்கு இருந்த ஒரே ஆறுதல் அது. நான் அதன் பக்கம் திரும்பவேயில்லை. எட்டு ஸ்பீக்கரையும் வரிசையாய் வைத்துவிட்டு ஒன்பதாவது இடத்தைப் பார்த்தபடி இருந்தேன். அம்மா றேடியோவைத் தூக்கி வந்து அந்த இடத்தில் வைத்தா.

"கழட்டு."

"செய்திக்கு என்னம்மா செய்வியள்?"

"பக்கத்து ஏரம்பர் வீட்டு வேலிக்காலை கேப்பன். நீ பாடத்தைக் கேள்."

அழுதுகொண்டுதான் கழற்றினேன்.

கிழமை முடிகிற அன்று வாங்குக்கு ஒன்றாய்க் கப்புத் தூண்களில் கட்டிவிட்டேன். மார்க்கண்டர் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நின்றார். சேர் மைக்கைப் பிடித்து, வழக்கம்போலக் கத்தாமல், சாதாரணக் குரலில் ஒரு கணக்கை மளமளவென்று சொல்லிக்கொண்டு போனார். சொல்லி முடித்துக் கேட்டார். "கேக்குதோ பிள்ளையள்?"

ஒருத்தியும் ஓம் சொல்லவில்லை.

"நான் சொன்னனான்," என்றார் மார்க்கண்டர்.

சேர் மூலை திரும்பி எங்கள் பக்கம் வந்தார். எழுபது தலையும் குனிந்திருந்தன. பேனைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் நடந்து நடந்து ஒன்பதாவது வாங்குக்கு வந்து என் கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"கேக்கேல்லையோ பிள்ளை?"

"கேக்குது சேர்," என்றேன், நிமிராமல். "கொஞ்சம் பொறுங்கோ. கடைசி வரி இன்னும் எழுதி முடியேல்லை."