சட்டைப் பையில் ஓர் ஆணி

என் வீட்டுக்காரருக்குச் செடிகள் மேல் இருக்கும் பாசத்தில் பாதி என் மேல் இருந்திருந்தால் நான் எப்போதோ மகாராணி. தண்ணீர் பாய்ச்சினால் கணுக்கால் வரை சேற்றில் புதைய வேண்டும். இல்லாவிட்டால் அவரைப் பொறுத்தவரை அது பாய்ச்சலே இல்லை.

எங்கள் கிணற்றிலோ தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. அடியில் பாறை, இனி தோண்ட வழியில்லை. தக்காளி அறுவடை வரையாவது தாங்க வேண்டுமே என்று நான்தான் மல்லுக்கட்டிச் சொட்டுநீர்க் குழாய் போட வைத்தேன். திங்கட்கிழமைதோறும், முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்கி, எத்தனை முடிச்சு நனைகிறது என்று பார்ப்பேன்.

“என்னடி இது, கண்ணுக்கு மருந்து விடுற மாதிரி?” முதல் நாளே முகம் சுளித்தார்.

“வேர் குடிச்சா போதும். உங்க காலுக்கு எதுக்குத் தண்ணி?”

மூன்றாவது வாரம் கடைசி எட்டு வரிசையும் வாடித் தொங்கின. கயிற்றிலும் மூன்று முடிச்சு குறைந்திருந்தது. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மோட்டார் மெக்கானிக்கை வரவழைத்தேன்.

“மோட்டார்ல ஒரு குறையும் இல்லக்கா. தண்ணி வேற எங்கயோ போகுது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்கும்போது விரலில் சுருக்கென்று குத்தியது. பையில் ஓர் ஆணி. நுனியில் கறுப்பாகக் குழாய்த் துகள். நேரே வயலுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு முதல் வரிசையில் கால் வைத்தேன். கணுக்கால் வரை புதைந்தது. முன்வரிசைக் குழாய்களில் சொட்டுத் துளைகளை எல்லாம் மனுஷன் குத்திப் பெரிதாக்கி வைத்திருந்தார்.

அவரை இழுத்துவந்து நிறுத்தினேன். தலையைச் சொறிந்தார்.

“பாவமா இருந்துச்சுடி. வாசலுக்கு வந்தாலே இதுங்க மூஞ்சிதானே தெரியுது.”

“அப்ப கடைசி வரிசையெல்லாம் யார் பெத்த பிள்ளைங்க?”

கேட்டுவிட்டு அழுதுவிட்டேன்.

மறுநாள் காலையில் அடைப்பான் பொட்டலத்தோடு உட்கார்ந்தார். இருநூற்றுச் சொச்சம் துளைகள். ஒவ்வொன்றையும் அடைத்துப் பக்கத்தில் புதிதாகச் சின்னத் துளை போட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது. “நல்லா வேணும்” என்று சொல்லிக்கொண்டே தைலம் தேய்த்துவிட்டேன்.

கடைசி வரிசைகள் மெல்ல நிமிர்ந்தன. அடுத்த திங்கட்கிழமை கயிற்றைத் தேடினால் காணோம்.

“நானே விட்டுப் பாத்துட்டேன். போன வாரம் இருந்த அதே முடிச்சு” என்றார்.

மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் அதே ஆணியை அடித்துக் கயிற்றை மாட்டியிருந்தார். கயிற்று நுனியிலிருந்து சொட்டிய தண்ணீருக்குக் கீழே ஒரு தகரக் குவளையும் வைத்திருந்தார்.