நாலு மணி டயாலிசிஸ்

சிறுநீரக ஆராய்ச்சிக்காரிக்கு ஆய்வுக்கூடத்தில் ‘ஆனாலும்’ என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் அடுத்த மூச்சில் ஓர் ‘ஆனாலும்’ போடாமல் அவளால் இருக்க முடியாது. காப்பி நன்றாக இருக்கிறதா என்று கேட்டால்கூட, “இருக்கு, ஆனாலும் ஒரே ஒரு கப்ப வச்சு முடிவு பண்ணிர முடியாது” என்பாள். ஆய்வுக் கட்டுரைக்கு அது அழகுதான். வானொலிக்கு?

அன்று மதியம் மூன்று மணிக்கு வானொலி நிலையத்தின் நேரலை அறையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காலைச் செய்தித்தாள் செய்த வேலை. ‘பழுதான சிறுநீரகத்தை மீட்கும் மருந்து கண்டுபிடிப்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அவளுடைய குழு மருந்தைக் கொடுத்தது இருபது எலிகளுக்கு. அதில் பன்னிரண்டு கொஞ்சம் தேறின. எலி என்ற சொல், போனால் போகிறதென்று, நான்காவது பத்தியில் பதுங்கிக்கிடந்தது. நிறுவனம் செய்திக்குறிப்பை வெளியே அனுப்புமுன் அவளும்தான் படித்துப் பார்த்துத் தலையாட்டினாள். வரிவரியாகப் பார்த்தால் எதுவும் தப்பில்லை. மொத்தமாகப் படித்தால்தான் தப்பு. வரிவரியாகப் படித்தே பழகியவளுக்கு அது எப்படித் தெரியும்?

அறிவிப்பாளர் பேச்சில் சர்க்கரை தடவுகிறவர். “நேயர்களே, லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு நல்ல சேதியோட வந்திருக்காங்க நம்ம டாக்டர்!” என்று ஆரம்பித்தார். அவள் மறுத்து வாய் திறப்பதற்குள் முதல் அழைப்பு வந்துவிட்டது.

ஒரு பெண் மூச்சிரைக்கப் பேசினாள். “டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ். இன்னிக்கு நாலு மணிக்குப் போகணும். காலையில பேப்பரப் பாத்ததுலேர்ந்து, ‘மருந்துதான் வந்திருச்சே, இனிமே அந்தக் கட்டில்ல படுக்கவே மாட்டேன்’னு உக்காந்திருக்காரு. பெரியவன் வண்டிய வாசல்ல நிறுத்திட்டுக் கெஞ்சுறான். நீங்களே சொல்லுங்க, இந்த மருந்து அவருக்குக் கேக்குமா, கேக்காதா?”

என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ‘கேட்காது, உடனே கூட்டிக்கொண்டு போங்கள்’, அவ்வளவுதான். ஆனால் இருபது வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்து இழுத்தது. சோதித்தே பார்க்காத ஒன்றைக் கேட்காது என்று எப்படி அடித்துச் சொல்வது?

“மனுஷங்களுக்குப் பலன் இருக்காதுன்னு நாங்க இப்போதைக்குச் சொல்லல. ஆனாலும் அடுத்த கட்டச் சோதனை...”

“அப்ப இருக்கும்ங்கிறீங்க! நீங்க நல்லா இருப்பீங்க டாக்டர்,” என்றாள் அந்தப் பெண், அழுதுகொண்டே. “என்னங்க, கேட்டீங்களா...” என்று வீட்டுக்குள் கூப்பிடும் குரலோடு இணைப்பு அறுந்தது.

அறிவிப்பாளர் விளம்பரத்தைப் போட்டார்.

“அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க, சீக்கிரம்!”

“கூப்பிடுறவங்க நம்பர் இங்க தெரியாது மேடம். அடுத்தவரு காத்திருக்காரு.”

மணி மூன்று இருபது. ஒரு முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றாலும் நிற்கும். கைப்பேசி அதிர்ந்தது. ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் எழுதியிருந்தார்: ‘அருமை. இப்படியே நம்பிக்கையாகப் பேசுங்கள்.’ அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விளம்பரம் முடிந்ததும் மைக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“இப்பப் பேசின அம்மா, கேக்குறீங்களா? நான் சொன்னது தப்பு. உங்க வீட்டுக்காரருக்கு இது கேக்காது. மருந்துன்னு ஒண்ணு இன்னும் இல்லவே இல்ல. கடையிலயும் கெடையாது, ஆஸ்பத்திரியிலயும் கெடையாது. இருபது எலிக்குக் குடுத்தோம். பன்னெண்டு கொஞ்சம் தேறுச்சு, ஒண்ணுகூட முழுசா குணமாகல. மனுஷங்களுக்குக் குடுத்துப் பாக்கவே பல வருஷம் ஆகும். அப்பவும் தோத்துப் போகலாம். இன்னிக்கு டயாலிசிஸ் போகலன்னா அவரு உயிருக்கு ஆபத்து. தயவுசெஞ்சு வண்டியில ஏறச் சொல்லுங்க.”

அறிவிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. கைப்பேசி மறுபடி மறுபடி அதிர, அதைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்தடுத்து வந்த நாலைந்து பேருக்கும் அதையேதான் சொன்னாள். ஒவ்வொரு அழைப்பிலும் அந்தக் குரலா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். மூன்றரை ஆயிற்று. மூன்றே முக்காலும் ஆயிற்று. வாய் பேசிக்கொண்டிருந்ததே தவிர, மனசெல்லாம் யார் வீட்டு வாசலிலோ நின்ற வண்டியில்தான் இருந்தது.

நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அந்தக் குரல் வந்தது.

“கெளம்பிட்டாங்க டாக்டர். நாங்க ரேடியோவ நிறுத்தவே இல்ல.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ரொம்ப நல்லதும்மா,” என்றாள்.

அந்தப் பெண் போனை வைக்கவில்லை.

“ரெண்டு வருஷமா தண்ணிய அளந்து அளந்துதான் குடுக்கிறேன். இன்னிக்குக் காலையில ஆசை தீர ஒரு சொம்பு குடிச்சாரு. தெருவுல எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வந்தாரு. இப்ப ஒரு வார்த்த பேசாம வண்டியில ஏறுனாரு. என் முகத்தக்கூடப் பாக்கல.” பிறகு கேட்டாள்: “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே, டாக்டர்?”

அறிவிப்பாளர் சமாதானமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையமர்த்தினாள்.

“சொல்லியிருக்கலாம்மா,” என்றாள்.