லார்ஜ் சார்

எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் என்னை "லார்ஜ் சார்" என்றுதான் கூப்பிடுவார். வாயால் அல்ல, கண்ணால். நான் படியேறும்போதே அவர் கை தானாக மேல் அலமாரிக்குப் போகும். ஊதா நிறப் பெட்டி ஒன்று செய்தித்தாளில் சுருண்டு என் கைக்கு வரும். தரும்போது அவர் தலை ஓர் அங்குலம் தாழும். வேறு எந்த மனிதரும், என் மாமனார் உட்பட, எனக்கு அப்படித் தலை தாழ்த்தியதில்லை.

ஆரம்பித்தது மூன்று வருடத்துக்கு முன். ஆணுறை வாங்க அந்தக் கடையில் முதன்முதலாக நின்றேன். "நார்மலா சார், லார்ஜா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் என் முதுகுக்குப் பின்னால் எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தான். என்னைவிட ஆறு வயது சின்னவன், அரை அடி உயரம் அதிகம். வாய் முந்திக்கொண்டது. "லார்ஜ்" என்றேன். குரல்கூட கொஞ்சம் கனமாக வந்தது.

அதன் பிறகு கீழே இறங்க வழியில்லை. ஒருமுறை லார்ஜ் என்று சொன்னவன் அடுத்த மாதம் வந்து நார்மல் என்றால் என்ன நினைப்பார்? சுருங்கிவிட்டேன் என்றா?

இன்னொரு சமாதானமும் கையில் இருந்தது. நான் ஆயத்த ஆடை கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஒரே வெட்டில் எண்பது சட்டைக்கு முன்பக்கம் வெட்டுகிறவன். சந்தேகம் வந்தால் பெரிதாக வெட்டு என்பதுதான் எங்கள் மேஜையில் சட்டம். லூஸாக இருந்தால் பிடித்துத் தைக்கலாம். இறுக்கமாக வெட்டிவிட்டால் துணி குப்பைக்கு. இந்தச் சாமானைப் பிடித்துத் தைக்க முடியாது என்பது எனக்கு உறைக்க மூன்று வருடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஆயிற்று.

அந்த ஞாயிறு மதியம் எங்கள் நாலு வயது மகளை அவள் சித்தி விளையாட அழைத்துப் போயிருந்தாள். வீட்டில் நானும் மனைவியும் மட்டும். மூன்று மணிக்கு நான் வெளியே வந்தேன், உறை வரவில்லை.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது உளறித் தப்பித்திருப்பேன். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போர்வையின் நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஏங்க, நான் செத்துடுவேனா?"

மகள் பிறந்தபோது அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தது. இரண்டு நாள் நினைவில்லை. மூன்றாம் நாள் பெரிய டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "இன்னொரு குழந்தைங்கற பேச்சே வேண்டாம். இந்தத் தடவை திரும்பி வந்துட்டாங்க, எல்லாத் தடவையும் வர மாட்டாங்க" என்றார். காப்பர்-டி அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் செய்துகொள்ளும் ஆபரேஷன் இருக்கிறதே என்பீர்கள். இரண்டு தடவை போனேன். முதல் தடவை கவுண்டர் மூடியிருந்தது. இரண்டாம் தடவை கவுண்டர் திறந்திருந்தது, நான் மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக, அவள் உயிருக்கும் எமனுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு ரப்பர் உறை. அதை வாங்கும் பொறுப்பு என்னிடம்.

"கிளம்பு" என்றேன். சட்டைப் பட்டனைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு, இருவரும் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் ஒரு நர்ஸ் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். அவளுக்கு பிரஷர் பார்த்தார், பழைய சீட்டுகளைப் படித்தார், போனில் டாக்டரிடம் பேசினார்.

"மாத்திரை போடலாம். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள போடணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சீக்கிரமாத்தான் வந்திருக்கீங்க."

"கண்டிப்பா கேக்குமா சிஸ்டர்?" என்றாள் மனைவி.

"நூத்துக்கு நூறு எதுவும் இல்லம்மா. மூணு வாரத்துல தெரியும்." என் பக்கம் திரும்பினார். "கிழிஞ்சுதா, கழண்டுச்சா?"

"கழண்டுடுச்சு."

"என்ன சைஸ் போட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "சைஸெல்லாம் சரியாத்தான் இருக்கும் சிஸ்டர். இவர் கட்டிங் மாஸ்டர். ஆளைப் பாத்தே அளவு சொல்லிடுவார். அதுல எல்லாம் தப்பாது."

என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் இதைவிட நிம்மதியாக இருந்திருக்கும்.

"லார்ஜ்" என்றேன், மேஜையில் இருந்த பஞ்சு டப்பாவிடம்.

"அளந்து வாங்கினீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

"கேட்டாங்க... சொல்லிட்டேன்."

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். "செருப்பு வாங்கினா கடைக்குள்ள நாலு நடை நடந்து பாக்கறீங்க. சட்டைக்கு கண்ணாடி முன்னாடி நிக்கறீங்க. இதுக்கு மட்டும் வாய்க்கு வந்த சைஸு. வாரத்துக்கு நாலு பேர் இப்படி வந்து நிக்கறீங்கய்யா."

"ஒரு தடவை நழுவற மாதிரி இருந்துச்சுன்னு ரெண்டு போட்டேன் சிஸ்டர். டபுள் தையல் மாதிரி..."

"யார் சொல்லிக் கொடுத்தா உங்களுக்கு? ஒண்ணோட ஒண்ணு உரசி ரெண்டுமே கிழியும்!"

பழைய சீட்டின் ஓரத்தை நீளமாக வெட்டி என்னிடம் நீட்டினார். "விறைப்பா இருக்கும்போது, கனமான இடத்துல இதைச் சுத்தணும். ரெண்டு முனையும் சேர்ற இடத்துல பேனாவால ஒரு கோடு. அப்புறம் ஸ்கேல்ல வெச்சுப் பாக்கணும்."

காகிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

"எங்க போறீங்க?"

"பாத்ரூம்..."

"இப்பவா? உக்காருய்யா! வீட்டுக்குப் போய்!"

வாசலில் இருந்த செக்யூரிட்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. மனைவியின் முகம் அசையவே இல்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவள் மாதிரி.

"பெட்டியில நாப்பத்தொம்பது, அம்பத்திரெண்டு, அம்பத்தாறுன்னு மில்லிமீட்டர் போட்டிருக்கும்" என்றார் நர்ஸ். "அது சுத்தளவு இல்ல. தட்டையா வெச்சு அளந்த அகலம்."

சட்டையை மேஜையில் விரித்து அளக்கிறோமே, அதே கணக்கு. அரைச்சுற்று. என் பிழைப்பே அந்தக் கணக்குதான். பெட்டியின் மீது என் பாஷையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் மூன்று வருடமாக ஒரு தடவை கூடத் திருப்பிப் படிக்கவில்லை.

"சுத்தளவுல பாதியை விடக் கொஞ்சம் கம்மியா இருந்தா சரியா பிடிக்கும். ரொம்ப கம்மின்னா இறுக்கும், கிழியும். ஜாஸ்தின்னா கழலும். எந்த சைஸா இருந்தாலும், முடிஞ்ச உடனே அடி வளையத்தைப் பிடிச்சுக்கிட்டே வெளிய வரணும். புரியுதா மாஸ்டர்?"

அந்த 'மாஸ்டர்' நன்றாகவே புரிந்தது.

மனைவி மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். "ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா திரும்பி வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

நாற்பதாவது நிமிடம், பஸ் நிறுத்தத்தில், வாந்தி வந்தது. அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் முதுகைத் தடவவில்லை. மண்டியிட்டு, மாத்திரை தெரிகிறதா என்று தேடினேன்.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, அன்பாகச் சிரித்தார். "என்னம்மா, விசேஷமா?"

மனைவி வாயைத் துடைத்தாள். "இல்லைங்க" என்றாள். "இல்லைங்க, இல்லைங்க." மூன்றாவது 'இல்லைங்க' உடைந்துபோயிற்று. அந்த அம்மா பயந்துபோய்ப் பாட்டிலைத் திரும்ப வாங்காமலே பஸ் ஏறிவிட்டார்.

திரும்ப ஓடினோம். வாந்தி நிற்க ஒன்று, பிறகு மறுபடியும் அதே மாத்திரை. மூன்று மணி நேரம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை தங்கியது.

திரும்பும் பஸ்ஸில்தான் கேட்டாள்.

"ஏன் லார்ஜ்?"

பொய் நாலைந்து கைவசம் இருந்தது. ஸ்டாக் இல்லை, கடைக்காரர் தப்பாகக் கொடுத்துவிட்டார், இப்படி. பொய்க்கும் அவளுக்குமிடையே வாந்தி வாடை அடித்தது. உள்ளதைச் சொன்னேன். கடைக்காரர் கேட்டது, பின்னால் நின்ற சூப்பர்வைசர், கனத்த குரல், தாழும் தலை, எல்லாம்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்.

"மருந்துக்கடைக்காரர் என்ன நினைப்பாரோன்னு பயந்தீங்க."

"ஆமா."

"நான் செத்துப்போவேன்னு பயம் வரல."

"வந்துச்சு. ஆனா அது தினமும் வர்ற பயம். இது... கடைல நிக்கும்போது வர்ற பயம்."

"தினமும் வர்றதுனால பழகிடுச்சு, அப்படித்தானே?"



மறுநாள் விடிந்ததும் காகிதத்தைச் சுற்றி, கோடு போட்டு, ஸ்கேலில் வைத்தேன். நூற்று ஐந்து மில்லிமீட்டர். பாதியைவிடக் கொஞ்சம் கம்மி என்றால் நாற்பத்தொன்பது. ஆக, மூன்று வருடமாக நான் போட்டுக்கொண்டிருந்தது வேறு எவனோ ஒருவனுடைய சட்டை.

அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போனேன். இப்போதைக்கு அது தேவைப்படாது. அவள் மகளோடு உள்ளறையில் படுக்க ஆரம்பித்திருந்தாள். இருந்தாலும் போகாமல் இருக்க முடியவில்லை. கடைக்காரர் கை மேலே போயிற்று.

"அது வேண்டாம். நாப்பத்தொம்பது கொடுங்க."

"யாருக்கு சார்?"

"எனக்குத்தான்."

தலை தாழவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழ் அலமாரியிலிருந்து ஒரு பச்சைப் பெட்டியை எடுத்து வைத்தார். "இந்தத் தெருவுல அந்த ஊதா டப்பா வாங்கறது மொத்தமே ரெண்டு பேரு சார். நீங்க ஒருத்தர். இன்னொருத்தர், முதல் தடவை உங்க பின்னாடி நின்னாரே, உங்க கம்பெனிக்காரர். நீங்க போனதும் தொண்டையைச் செருமிக்கிட்டு அவரும் லார்ஜுன்னார்."

"அவனுக்குப் போன மாசம் மூணாவது பொறந்திருக்கு" என்றேன்.

"ஸ்வீட் கொடுத்தார் சார்" என்றார்.

வேறு நாளாக இருந்தால் சிரித்து உருண்டிருப்பேன்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி வேடிக்கையாக எழுத முயன்று பார்த்தேன், வரவில்லை. அவள் என்னிடம் சண்டை போடவில்லை. ஒரு சாயங்காலம் மகளை என் முன்னால் உட்காரவைத்து, "மூணு பிரியா எடுக்கணும், இழுக்கக் கூடாது, அவளுக்கு வலிக்கும்" என்று சடை பின்னச் சொல்லிக்கொடுத்தாள். தடுப்பூசி அட்டை எந்த டிராயரில் இருக்கிறது, எந்த மருந்து குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது, பள்ளிக்கூடத்தில் யாரிடம் பேசவேண்டும்.

"இதெல்லாம் எதுக்கு இப்ப?"

"தெரிஞ்சு வெச்சுக்கங்க."

என் விரல்கள் எண்பது மடிப்புத் துணியைத் திருப்பிப் போடும். அந்தச் சின்னச் சடையை மூன்றாவது பின்னலுக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. மகள் "அப்பா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தேன். கவுண்டர் திறந்திருந்தது, நானும் திறந்தே நின்றேன். அதே நர்ஸ்தான். "செஞ்ச உடனே சுதந்திரம்னு நினைக்காதீங்க. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் பண்ணி, ஒண்ணுமில்லன்னு சொல்ற வரைக்கும் உறை வேணும்" என்றார். வீட்டில் சொன்னேன். அவள் "சரி" என்றாள். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனுஷன் திருந்துவதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருக்கிறது.

பதினேழாம் நாள் மதியம், கட்டிங் மெஷினைத் துணிக்குள் இறக்கியிருந்தேன். பாதி வெட்டில் போன் அடித்தது. மெஷின் இரைச்சலில் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"வந்துடுச்சு" என்றாள்.

எனக்கு அந்த வார்த்தை தப்பான வாசல் வழியாக உள்ளே வந்தது. "யாரு? யாரு வந்திருக்காங்க?"

"ஐயோ, மாசாமாசம் வர்றதுங்க. வந்துடுச்சு. யாரும் வரல."

நான் மெஷினை நிறுத்தினேன். சட்டென்று வந்த அமைதியில் மேஜையைச் சுற்றி நின்ற எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"கேக்குதா?" என்றாள். "யாரும் வரல." இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் வேறு மாதிரி இருந்தது.

"நீ எங்க இருக்க?"

"பாத்ரூம்ல. தரையில உக்காந்திருக்கேன்."

"நான் வரட்டுமா?"



"வாங்க. ஆனா நான் அழுதுட்டு இருப்பேன். எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"கேக்கல."

"சந்தோஷம்தானேன்னும் சொல்லக் கூடாது."

"சொல்லல" என்றேன். வெட்டு பாதியில் நின்ற துணியை அப்படியே போட்டுவிட்டு, யாரிடமும் பெர்மிஷன் கேட்காமல் படியிறங்கினேன்.