மூன்றாம் நாள் எழுந்தவன்

சினிமாவில் குணமணி அளவுக்கு நன்றாகச் செத்தவர்கள் கிடையாது. மற்றவர்களுக்குப் பிணமாகப் படுத்தவுடன் மூக்கு அரிக்கும், தும்மல் வரும். குணமணிக்கு ஒன்றும் வராது. வயிறு ஏறி இறங்காது. ஈ வந்து இமையில் உட்கார்ந்து, அலுத்து, தானே எழுந்து போகும். சுற்றி இருப்பவர்கள் தப்புத் தப்பாக ஒப்பாரி வைக்க, நடுவில் அவன் அசையாமல் கிடக்க, கொட்டகை உருண்டு சிரித்தது. சென்னையில் அவனுக்குப் பெயரே 'பிணம்' குணமணி.

சிக்கல் ஒன்றுதான். 'கட்' சொன்ன பிறகும் அவன் எழுந்திருப்பதில்லை.

முதல் படத்தில் தோளைத் தட்டினால் போதும். பிறகு தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. கடைசிப் படத்தில் எல்லோரும் மத்தியானச் சாப்பாடு முடித்துத் திரும்பியும் அவன் அப்படியே கிடந்தான். டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்து, முகத்தை மூடச் சொன்னார். குணமணிக்கு எல்லாம் கேட்டது. கை கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வண்டியில் ஏற்றப் போகும்போது எப்படியோ எழுந்து உட்கார்ந்தான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த தடவை எழுந்திருக்க மாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. காரணமும் தெரியும்.

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வருஷா வருஷம் நடக்கும் காமன் கூத்துக்கு அவன்தான் கோமாளி. 1955 மாசியில் காமன் வேஷக்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டான். கூத்து வாத்தியார் சடையப்பன் கோமாளியின் கையிலேயே காப்புக் கயிற்றைக் கட்டினார். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார், காமன் எரிந்தான், வெள்ளைத் துணி போர்த்தினார்கள், மீசையை மழித்த ரதி மாரடித்து அழுதாள். மூன்றாம் நாள் உயிர் எழுப்பிக் காப்பை அவிழ்க்கும்வரை வேஷக்காரன் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் தாண்டிப் பார்த்ததில்லை.

குணமணி தாண்டினான். தெமோதரையில் ரயில் காட்சி எடுக்க வந்திருந்த சென்னை சினிமாக் கம்பெனிக்காரர்கள் கூத்தைப் பார்த்துவிட்டு, மறுநாளே புறப்பட்டால் கூட்டிப் போவதாகச் சொன்னார்கள். அவன் எங்கள் ஆள் இல்லை என்று இலங்கை, இந்தியா இரண்டு நாடுகளும் ஒற்றுமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆள் வேண்டும் என்று சொன்னது அந்தக் கம்பெனி மட்டும்தான். தெமோதரை ஸ்டேஷனுக்கு வெளியே சவரக்கடையில் கத்தரி வாங்கிக் காப்பைத் தானே வெட்டிப் போட்டான். பெண்டாட்டி பரிமளத்திடம் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டாள்.

எழுப்ப வேண்டியவர்கள்தான் எழுப்ப வேண்டும். அதைக் கேட்கவே ஆறு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பதுளையில் பஸ் ஏறி மடுல்சீமையில் இறங்கித் தேயிலைக்கு நடுவே நடந்தான்.

வாத்தியார் தோட்டக் குடியிருப்பான லயத்தின் வாசலில் மத்தளத்துக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, நான்தான் குணமணி."

"அட, சினிமாக்காரரா! வாங்கய்யா, வாங்க. பதுளைக் கொட்டகையில பாத்திருக்கேங்க. நம்ம குணமணியும் நீங்களும் ஒரே அச்சு. அதச் சொல்லியே அவனக் கேலி பண்ணுவோம்."

"எந்தக் குணமணிய?"

"இங்க எத்தன குணமணி இருக்கான்? பரிமளம் புருசன்தான். வெறகுக்குப் போயிருக்கான், வந்துருவான்."

"அவன் காப்போட ஓடிப் போனவனாச்சே?"

"யாரு சொன்னா? மூணாம் நாளு நான்தானங்க எழுப்புனேன். துணிய எடுத்தேன், எந்திரிச்சான். அப்புறம் கோமாளி மட்டும் கட்ட மாட்டேன்னுட்டான். காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்கு மொத ஆளா வந்து நிக்கிறான். கங்காணிக்கே அவனக் கண்டா பயம்."

பரிமளம் தேத்தண்ணி கொண்டுவந்தாள். "குடிங்கய்யா" என்று முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். இடுப்பிலிருந்த குழந்தைக்குக் குணமணியின் காது.

சற்று நேரத்தில் தலையில் விறகோடு அவன் வந்தான். அதே கோணல் பல், அதே நடை. கையில் மட்டும், வெட்டாமல் முறைப்படி அவிழ்த்ததாலோ என்னவோ, குணமணிக்கு இருந்ததுபோல் காப்பு அழுத்திய தழும்பு இல்லை. சினிமாக்காரரை ஒரு பார்வை பார்த்துக் கும்பிட்டுவிட்டு விறகை இறக்கினான்.

"வாத்தியாரே," என்றான் குணமணி, "என்னையும் ஒரு தரம் எழுப்பி விடுங்க. கையெடுத்துக் கேக்குறேன்."

வாத்தியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஏய், எல்லாரும் வாங்கப்பா! ஐயா நமக்காகப் பிணக் காமெடி போட்டுக் காட்டுறாராம்!"

காமன் பொட்டலில் லயமே கூடிவிட்டது. குணமணி படுத்தான். வெள்ளைத் துணி மேலே விழுந்தது. வாத்தியார் விளையாட்டாகத்தான் தொடங்கினார். ஆனால் ஒரு சொல் விடாமல் பாடினார். கடைசியில் மத்தளம் நின்றது.

"எந்திரிடா, குணமணி!"

குணமணி உடம்பிலிருந்த உயிரையெல்லாம் ஒரு கைக்குக் கொண்டுவந்தான். விரல் அசையப் போகிற அந்த நேரம், கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் சாவதானமாகச் சொன்னது:

"நான் நிக்கிறேனேங்க, வாத்தியாரே."

பொட்டல் வெடித்துச் சிரித்தது. அதில் பரிமளத்தின் சிரிப்பும் இருந்தது. ஆறு வருஷமாக அவன் கேட்காத சிரிப்பு. துணிக்கடியில் குணமணி தொழில்காரனாக ஒப்புக்கொண்டான்: ஒரு மூச்சு முந்தியிருந்தாலும் பிந்தியிருந்தாலும் இந்தச் சிரிப்பு வந்திருக்காது.

சிரிப்பு அடங்கியது. மழை வரும் என்றார்கள். பிள்ளைக்குப் பசி என்றாள் பரிமளம். கால்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

"நல்லா பண்ணுனாருப்பா," என்றார் வாத்தியார், தலைக்கு மேலே மிக அருகில். "எப்ப எந்திரிச்சுப் போனாரு?"

"கவனிக்கலிங்களே."

தரையோடு தட்டையாகக் கிடந்த துணியை மடிக்கத் தொடங்கினார்கள், கால்மாட்டிலிருந்து.