கை எட்டிய வரைக்கும்

அன்றைக்கு அது நான்காவது வீடு. சொந்த அக்கா வீடுதான், ஆனாலும் ஏசி மெக்கானிக்குக்குக் கால் பின்னுக்கே இழுத்தது. இரண்டு வருஷத்தில் அவன் இங்கே மாட்டப்போகும் மூன்றாவது காயில் இது, ஏசியின் வெளிப்பெட்டியில் இருக்கும் அலுமினியத் தகட்டுச் சுருள். முந்தைய இரண்டும் அரித்து ஓட்டையாகி, கேஸ் போய்விட்டது. ஊரெல்லாம் அவன் மாட்டிய ஏசி ஒழுங்காக ஓடுகிறது. இங்கே மட்டும் அவன் மானம் கப்பலேறியது.

"இதுதான் கடைசி மச்சான்," என்றார் அக்காவின் கணவர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "இனிமேலும் உன்ன நம்பலாமான்னு பாக்கறேன்."

"இந்தத் தடவை அரிக்காம இருக்க கோட்டிங் அடிச்சுத் தர்றேன் மாமா."

பால்கனியில் பழைய காயிலைக் கழற்றிப் பார்த்தான். கடல் காற்று அரித்தால் தகடு முழுக்க அரித்திருக்கும். இதில் ஒரு பாதி மட்டும் வெள்ளைப் பொடியாய் உதிர்ந்தது. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த சந்தில் கையை விட்டுப் பார்த்தான். கை எட்டிய இடத்தோடு காயிலில் அரிப்பும் நின்றிருந்தது. பூந்தொட்டிக்குப் பின்னால் பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டிலும் ஒரு பிரஷும் இருந்தன.

டீயோடு வந்த அக்காவிடம் பாட்டிலைக் காட்டினான்.

"வாராவாரம் இத ஊத்தி ஏசியத் தேய்ச்சுடுவேன்டா," என்றாள் பெருமையாக. "அழுக்குப் புடிச்சா உன்னத்தானே பேசுவாரு."

"ஆசிட் அலுமினியத்தத் தின்னுடும்க்கா."

அக்காவின் முகம் செத்துப்போனது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இங்கே அணைத்த கை அரித்து வைத்திருக்கிறது. அவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

புதுக் காயிலைக் கழுவிக் காயவைத்தான். தகடுகளின் இடுக்கு அடைத்துக்கொள்ளாமல், மெல்லிசாக இரண்டு முறை கோட்டிங் அடித்தான். அது காய்ந்ததும் மாட்டி, கேஸ் ஏற்றி முடிக்கையில் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

"ஏன் அரிச்சுதாம்?" என்று வந்து நின்றார் மாமா.

கதவோரம் அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"முதல்லயே கோட்டிங் அடிச்சிருக்கணும் மாமா. என் தப்புதான்."

"அப்பவே நெனச்சேன். சரி விடு, அடுத்த சர்வீசுக்கு வேற ஆளக் கூப்ட்டுக்கறேன்."

பதினெட்டு வருஷத் தொழில். ஆசிட் பாட்டிலைப் பையின் அடியில் போட்டு மூடினான்.

அக்கா படி வரைக்கும் வந்தாள். "நான் உண்மையச் சொல்லிடறேன்டா."

"வேணாம்க்கா. எனக்கு நாலு வீட்டுல ஒரு வீடு போச்சு. நீ இங்கதானே இருக்கணும்."